மேலூர்க் கணிப்பொறி மையங்கள் ஏன் மூடப்பட்டன?

கல்லூரிகளில் கட்டுரைப் போட்டி வைத்தால் ஆண்டு தவறாமல் வந்து நிற்கும் தலைப்பு ஒன்று உண்டு: 'நவீனத் தொழில்நுட்பமும் சமுதாய மாற்றமும்'. தாள்களைத் திருத்த உட்கார்ந்தால் எல்லாவற்றிலும் ஒரே நடைதான். அச்சு இயந்திரம் வந்தது, உலகம் மாறியது. நீராவி எஞ்சின் வந்தது, உலகம் மாறியது. கணிப்பொறி வந்தது, கைப்பேசி வந்தது, இப்பொழுது செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது, உலகம் மாறிக்கொண்டேயிருக்கிறது. இந்த வாக்கியங்களில் எழுவாய் எப்பொழுதும் கருவிதான். மனிதர்கள் செயப்படுபொருளாக ஓரமாக நிற்கிறார்கள். மாணவர்களைக் குறை கூறிப் பயனில்லை. மேடைகளிலும் நாளேடுகளிலும் அவர்கள் கேட்பதும் படிப்பதும் அதுவே.

ஒரு கூற்று உண்மையா என்று அறியச் சோதனை செய்து பார்ப்பது விஞ்ஞானம் படிப்போரின் வழக்கம். சமுதாயத்தைச் சோதனைக் குழாயில் இட்டுப் பார்க்க முடியாது என்பீர்கள். ஆனால் ஏறக்குறைய அப்படிப்பட்ட சோதனை ஒன்று மதுரைக்கு அருகிலேயே நடந்து முடிந்திருக்கிறது. மாட்டுத்தாவணியில் திருச்சி சாலை வழியாகச் செல்லும் பேருந்து ஒன்றில் ஏறிக்கொள்ளுங்கள். ஒத்தக்கடையில் யானைமலை இடப்புறம் படுத்திருக்கும். அதனருகே வேளாண்மைக் கல்லூரி. நரசிங்கம்பட்டியைத் தாண்டினால் மேலூர் வந்துவிடும். பெரியாறு பாசனத்தில் ஒருபோகம் விளையும் வட்டாரம் இது. தண்ணீர் திறந்துவிட்ட செய்தி தலைமடையில் இருப்பவருக்கு மகிழ்ச்சி தரும். கடைமடையில் இருப்பவரோ அது தம் வயலில் ஏறிய பிறகுதான் நம்புவார். இந்த வட்டாரத்தில்தான், 2001-ஆம் ஆண்டு இறுதியில், கிராமங்களுக்கு இணையம் கொண்டு செல்லும் பெரிய முயற்சி ஒன்று தொடங்கப்பட்டது.

ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'சாரி' என்று அதைக் குறிப்பிட்டார்கள். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வுக்கூடம், ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஆகியவை இதில் பங்கு கொண்டன. கிராமங்களில் இணைப்பு வழங்கும் பொறுப்பை 'என்-லோக்' என்ற நிறுவனம் ஏற்றது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையும் சில மையங்களை நடத்தியது. மேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஏறக்குறைய 80 மையங்கள் எழுந்தன. ஊரார் அவற்றைக் 'கம்ப்யூட்டர் சென்டர்' என்றே அழைத்தனர்.

கம்பியில்லாத வழி

அந்த நாளில் மேலூரிலிருந்து ஒரு கிராமத்துக்குத் தொலைபேசிக் கம்பி இழுப்பது செலவு மிகுந்த காரியம். ஆகவே சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவினர் 'கார்டெக்ட்' என்னும் கம்பியில்லா முறையை உருவாக்கியிருந்தனர். வீட்டுக்குள் கம்பியில்லாத் தொலைபேசிக்கென ஐரோப்பாவில் வகுத்த தர நெறியைக் கிராம வெளிக்கு ஏற்றவாறு விரித்தெடுத்தது இவர்களுடைய திறமை. அதன் அலைகள் சுமார் 1,900 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்டவை. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்துப் பாருங்கள்; அலைநீளம் ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் வரும். இத்தகைய சிற்றலைகள் மலையை வளைந்து செல்லா. அடர்ந்த தென்னந்தோப்பு குறுக்கே நின்றாலும் வலுவிழக்கும். கோபுரமும் வீட்டுக் கூரையின் ஏரியலும் ஒன்றையொன்று 'பார்க்க' வேண்டும்.

எவ்வளவு தூரம் பார்க்க முடியும்? h மீட்டர் உயரத்திலிருந்து அடிவானம் வரை உள்ள தூரம், கிலோமீட்டரில், h-இன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் கிடைக்கும். 30 மீட்டர் கோபுரத்துக்கு இது 19 அல்லது 20 கிலோமீட்டர். ஆனால் அலையின் வலுவும் தொலைவுக்கேற்பக் குறையுமாதலால், கார்டெக்ட் முறையில் நேரடி எல்லை 10 கிலோமீட்டர். இடைநிலையம் ஒன்று வைத்தால் 25 கிலோமீட்டர் வரை நீட்டலாம். தொலைபேசியில் பேசிக்கொண்டே நொடிக்கு 35 கிலோபிட் வேகத்தில் இணையத்தையும் பயன்படுத்தலாம். பேசாவிட்டால் 70 கிலோபிட். இன்று உங்கள் சட்டைப்பையிலுள்ள கைப்பேசி இதைக் கேட்டுச் சிரிக்கும். அன்று அது பெரிய காரியம். கருவி என்ற அளவில் அது தோற்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபுரம் நின்றது, அலைகள் சென்றன, கணிப்பொறியின் திரையில் எழுத்துகள் தோன்றின.

மையத்துக்கு வேண்டிய கணிப்பொறி, ஏரியல், அச்சுக் கருவி முதலியவற்றுக்குச் சுமார் 50,000 ரூபாய் ஆகும். பெரும்பாலான மையங்களில் இந்தத் தொகையை உள்ளூர் ஆள் ஒருவர், பலவேளைகளில் கடன் பெற்று, முதலீடு செய்தார். அவர் சுயதொழில் முனைவோர். கற்பிக்கலாம், மின்னஞ்சல் அனுப்பித் தரலாம், படம் எடுத்துத் தரலாம், வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மனு அனுப்பலாம்; வரும் கட்டணத்தில் அவர் பிழைத்துக்கொள்வார், கிராமமும் முன்னேறும். திட்டத்தின் கணக்கு இது.

வந்தவர்கள் யார்?

இத்திட்டத்தைப் பாராட்டி எழுதப்பட்டவை ஏராளம். பயிரில் நோய் கண்டால் படமெடுத்து வேளாண்மைக் கல்லூரிக்கு அனுப்பி விடை பெறலாம் என்றனர். கண்ணைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்றனர். அப்படி அனுப்பிப் பயனடைந்தவர்களும் உண்மையிலேயே இருந்தனர். ஆனால் ஒரு திட்டத்தை அதன் சிறந்த நாளைக் கொண்டு மட்டும் மதிப்பிடக் கூடாது. வெப்பமானியில் ஒருமுறை கண்ட அளவைக் கொண்டு அந்த ஊரின் தட்பவெப்பத்தைச் சொல்லிவிட முடியுமா?

நல்லவேளையாக இத்திட்டத்தோடு தொடர்புடைய ஆய்வாளர்களே அதைத் தயவு தாட்சண்யமின்றி அளந்து பார்த்தார்கள். இராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் ஆகிய இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு இது: கிராம மக்களில் மிகச் சிறு பகுதியினரே மையத்தைப் பயன்படுத்தினர். அவர்களும் பெரும்பாலும் இளைஞர்கள், ஆண்கள், பள்ளி கல்லூரி மாணவர்கள், ஓரளவு வசதியுள்ள வீட்டார், சமூகத்தில் முன்னேறிய பிரிவினர். ஏற்றத்தாழ்வைக் குறைக்க வந்த கருவி, இருக்கின்ற ஏற்றத்தாழ்வை அப்படியே காத்து நிற்கவும் கூடும் என்று அவர்கள் எச்சரித்தனர். அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. பாராட்டியவர்களும் பழித்தவர்களும் இதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பிற்படுத்தப்பட்ட மக்கள் குடியிருக்கும் பகுதிக்கு அருகில் மையம் அமைந்த இடங்களிலும், அம்மக்களிடையே அதை எடுத்துச் சொல்லும் ஆள் ஒருவர் இருந்த இடங்களிலும், அவர்கள் கூடுதலாக வந்தனர். கணிப்பொறி எங்கும் ஒன்றுதான். எந்தத் தெருவில் வைத்தார்கள் என்பதில்தான் வேறுபாடு. நம் ஊர்களில் தண்ணீர்க் குழாயின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

பின்னர் மையங்கள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. அதே இருவர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, மூடிய மையங்களையும் நீடித்த மையங்களையும் ஒப்பிட்டது. உள்ளூர் ஆளே உரிமையாளராகவும் தாமே நடத்துபவராகவும் இருந்த மையங்கள் விரைவில் மூடின. தனியே பயிற்சி பெற்ற ஒருவரை வைத்து நடத்திய மையங்கள் நீண்ட நாள் நின்றன. வருவாய் போதவில்லை, பழுது ஏற்பட்டால் உடனே வந்து பார்க்க ஆள் இல்லை, தாங்கிப் பிடிக்க ஒரு நிறுவனம் இல்லை. காரணங்கள் இவ்வளவே. இவற்றில் ஒன்றுகூட மின்னணுவியல் பாடப்புத்தகத்தில் வராது.

அரசுச் சான்றிதழ்களின் கதை இதைவிடத் தெளிவானது. பிறப்பு, இறப்பு, வருமானம், சாதிச் சான்றுகளுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மையத்திலிருந்தே மனு அனுப்பும் வசதி தொடக்கத்தில் இருந்தது. மக்கள் அதை விரும்பினர். ஏன் விரும்பமாட்டார்கள்? ஒரு கையொப்பத்துக்காக மேலூருக்கு இரண்டு மூன்று முறை அலைவது என்றால் ஒவ்வொரு முறையும் பேருந்துக் கட்டணத்தோடு ஒருநாள் கூலியும் போகும். ஆனால் மனு மின்னஞ்சலாகப் போனாலும் அதைத் திறந்து பார்த்து, பதிவேட்டைப் புரட்டி, கையொப்பமிட மறுமுனையில் ஒருவர் வேண்டும். ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாறுதலாகிப் போனபின் அந்தச் சேவை தளர்ந்தது. செய்தி ஒளியின் வேகத்தில் சென்று மேசையில் காத்துக் கிடந்தது எனலாம். பின்னாளில் மாநிலம் முழுவதும் இ-சேவை மையங்கள் ஏற்பட்டு, சான்றிதழ் வழங்கும் முறையே மாற்றி எழுதப்பட்ட பிறகுதான் அந்த அலைச்சல் ஓரளவு குறைந்தது.

மொழியையும் சொல்லவேண்டும். அன்று இணையத்தில் தமிழில் படிக்க என்ன இருந்தது? 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் ஒரு தர நெறி வகுத்தது. எனினும் பல ஆண்டுகள்வரை ஒருவர் அனுப்பிய தமிழ் மற்றொருவர் திரையில் கட்டங்களும் கேள்விக்குறிகளுமாகத் தெரிந்தது. யூனிகோடு குறியீட்டைத் தமிழ்நாடு அரசு முறைப்படி ஏற்றதே 2010-இல்தான். நூலகம் கட்டி, அலமாரி அடுக்கி, கதவையும் திறந்து வைத்தாயிற்று. உள்ளே நம் மொழியில் புத்தகங்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தன. ஆங்கிலம் தெரிந்த கல்லூரி மாணவர் அன்றி வேறு யார் வருவார்?

இவை எல்லாவற்றையும் சொன்ன பிறகும் என் மனத்தை உறுத்துவது வேறொன்று. ஒரு சோதனையில் இழப்பு வரலாம். அது விஞ்ஞானத்தில் இயல்பு. அந்த இழப்பு யாருடையது? மேலூர்ச் சோதனையிலிருந்து பல்கலைக்கழகங்கள் ஆய்வுக் கட்டுரைகள் பெற்றன. பொறியாளர்கள் அனுபவம் பெற்றனர். அதில் கற்ற பாடங்கள் பிற நாட்டுத் திட்டங்களுக்கும் பயன்பட்டிருக்கும். மையத்தை நடத்திய ஊர்க்காரருக்குக் கிடைத்தது ஒரு பழைய கணிப்பொறியும் கடன் பாக்கியும். அவருக்குத் 'தொழில்முனைவோர்' என்று பெயர் சூட்டியதால், ஆய்வின் ஆபத்து முழுவதும் அந்தச் சங்கிலியில் மிக மெலிந்த கண்ணியின்மேல் விழுந்தது. ஆய்வுக்கூடத்தில் கருவி எரிந்துபோனால் மாணவனிடம் விலை கேட்பதில்லை. கிராமத்துச் சோதனையில் மட்டும் அந்த நியாயம் ஏன் பொருந்தாமல் போயிற்று?

கண் காட்டும் வேறுபாடு

இப்பொழுது அதே மதுரையின் இன்னொரு முயற்சியைப் பார்ப்போம். 1976-இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. மேலூர் மையங்களிலிருந்து கண்ணின் படங்கள் வரத்தொடங்கிய காலத்தில் ஓர் உண்மை வெளிப்பட்டது. சாதாரணக் கணிப்பொறிக் காமிரா கண்ணின் முகப்பை மட்டுமே காட்டும். முற்றிய கண்புரை அதில் வெண்மையாகத் தெரியும். ஆனால் கண்நீர் அழுத்த நோயையோ விழித்திரையில் நீரிழிவு செய்யும் கேட்டையோ அதில் காண இயலாது. அதற்குக் கண்ணுக்குள் ஒளியை மெல்லிய பிளவாகச் செலுத்திப் பார்க்கும் பிளவு விளக்கும், விழித்திரையைப் படமெடுக்கும் தனிக் காமிராவும், அவற்றைக் கையாளப் பழகிய ஆளும் வேண்டும். இரண்டு மெகாபைட் அளவுள்ள தெளிவான படமொன்றை நொடிக்கு 35 கிலோபிட் வேகத்தில் அனுப்ப ஏறக்குறைய ஏழரை நிமிடம் பிடிக்கும். முகம் பார்த்துப் பேசுவது பற்றி நினைக்கவே வேண்டாம்.

2004 முதல் அரவிந்த் 'பார்வை மையங்களை'த் தொடங்கியது. சிற்றூரில் ஒரு சிறு கட்டடம், பயிற்சி பெற்ற ஊழியர், பிளவு விளக்கு, பரிசோதித்தபின் நோயாளி மருத்துவரோடு திரை வழியே பேசலாம். தேனி வட்டாரத்தில் இவற்றை இணைக்கக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலிக் கல்லூரியினர் உதவினர். அவர்கள் எடுத்துக்கொண்டது வீடுகளிலும் அலுவலகங்களிலும் பயன்படும் சாதாரண 'வைஃபை' கருவியைத்தான். ஓர் அறைக்குள் பேசிக்கொள்ளச் செய்த அந்தக் கருவியைப் பத்து கிலோமீட்டருக்கும் அப்பால் பேசவைக்க முடியுமா? திசை நோக்கி அலையைக் குவிக்கும் ஏரியல்களை உயரத்தில் பொருத்தினால் அலை போய்ச் சேரும். ஆனால் வேறொரு சிக்கல் எழுந்தது. அது இயற்பியல் மாணவர்களுக்கு விருந்து.

வைஃபை கருவி ஒரு செய்தித் துணுக்கை அனுப்பியதும் மறுமுனையிலிருந்து 'கிடைத்தது' என்ற விடை வரும்வரை காத்திருக்கும். அது காத்திருப்பது சில பத்து மைக்ரோநொடிகள் மட்டுமே. விடை வராவிட்டால் செய்தி தொலைந்தது என்று முடிவு செய்து மீண்டும் அனுப்பும். இப்போது கணக்கிடுங்கள். 10 கிலோமீட்டரைக் கடக்க ஒளிக்கு 33 மைக்ரோநொடி. போய் வர 67. அறைக்குள் இந்த நேரம் பூச்சியம் போன்றது. தேனியில் அதுவே பெரும் தடை. விடை வந்துகொண்டிருக்கும்போதே அனுப்பியவர் பொறுமையிழந்து மறுபடியும் கூவுகிறார். இரு குரல்களும் மோதிக்கொள்கின்றன. ஆய்வாளர்கள் கருவியின் கட்டளை நிரலைத் திருத்தினர். இரு முனைகளும் முறை வைத்து மாறிமாறிப் பேசும். ஒவ்வொரு துணுக்குக்கும் தனித்தனி விடை கேளாமல் மொத்தமாக ஒரு விடை பெறும். வேகம் நொடிக்குச் சில மெகாபிட்டுகளாக உயர்ந்தது. வகுப்பில் இந்தக் கணக்கைப் போடச் சொன்னால், ஒளியின் வேகம் என்பது பாடப்புத்தகத்துக்கு வெளியேயும் இருக்கிறது என்று மாணவர்கள் வியப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அதே ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட கட்டுரையில் தங்களை மிகுதியும் வாட்டியது ரேடியோ அலை அன்று என்று எழுதினர். மின்சாரம்! அழுத்தம் திடீரென ஏறிக் கருவிப் பலகைகள் எரிந்தன. தாழ்ந்தபோது அவை விழித்தும் விழியாமலும் நடுவில் சிக்கிக்கொண்டன. நினைவக அட்டைகள் கெட்டன. எங்கே பழுது என்று அறியாமல் உள்ளூர் ஊழியர் திகைத்தனர். ஆகவே ஆய்வாளர்கள் மலிவான மின்காப்புச் சாதனங்களை அமைத்தனர். தொலைவிலிருந்தே கருவியின் நலத்தை அறியும் வழி செய்தனர். எல்லாவற்றுக்கும் மேலாக, மருத்துவமனையின் ஊழியர்களுக்கே பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்து விலகிக்கொண்டனர். பின்னர் அகலப்பட்டை இணைப்பும் கைப்பேசி இணையமும் வந்தன, கருவிகள் மாறின. பார்வை மையங்கள் நிலைத்தன; இன்று அவற்றின் எண்ணிக்கை நூற்றைத் தாண்டிவிட்டது.

இந்த ஒப்பீடு நியாயமற்றது என்று ஒருவர் வாதிடலாம். அதில் உண்மையும் உண்டு. அரவிந்த் ஏற்கெனவே நிலைபெற்ற மருத்துவமனை. பார்வை மையத்தின் வருவாய் குறைந்தாலும் தாய் நிறுவனம் தாங்கும். அங்கிருந்து வரும் நோயாளிகள் மருத்துவமனைக்கே வருவார்கள். மேலூரில் ஒரு தனி மனிதர் தம் கடையை எல்லாவற்றுக்கும் பயன்படும் கடையாக நடத்த வேண்டியிருந்தது. என் வாதமும் அதுவே. 'எல்லாவற்றுக்கும்' என்று சொல்லப்பட்ட கணிப்பொறிக்கு மறுமுனையில் பொறுப்பேற்றவர் எவருமில்லை. பார்வை மையத்தின் திரையிலோ விடை சொல்லியே தீரவேண்டிய மருத்துவர் ஒருவர் அமர்ந்திருந்தார். அது அவருடைய அன்றாட வேலை.

விலை தெரிந்தால் போதுமா?

மேலூர் மையங்களை மூடியது கைப்பேசியே என்று சொல்வோரும் உண்டு. ஓரளவு சரி. மையம் தந்த பல சேவைகளைக் கைப்பேசி பின்னர் வீட்டுக்கே கொண்டு வந்தது. ஆனால் பெரும்பாலான மையங்கள் தள்ளாடியபோது கிராமத்துக் கைப்பேசிகளில் இணையம் இல்லை. ஆகவே நடந்த பிறகு சொல்லப்படும் சமாதானமாகவே அதை நான் கருதுகிறேன்.

கைப்பேசியைப் பற்றி உலகெங்கும் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு நம் பக்கத்து மாநிலத்தில் நிகழ்ந்தது. 1997 ஜனவரியில் ஒருநாள் காலை, கேரளத்தின் வடகரைக் கடற்கரையில் 11 படகுகளின் மத்திச் சாளை வாங்குவாரின்றிக் கிடந்தது. 15 கிலோமீட்டருக்குள் இருந்த மற்றக் கரைகளிலோ மீன் கிடைக்காத வணிகர்கள் 27 பேர்! கைப்பேசி வந்தபின் மீனவர்கள் கடலிலிருந்தே விலை கேட்டுக் கரையைத் தேர்ந்தனர், விலைகள் சமனாயின, மீன் வீணாவது நின்றது. இராபர்ட் ஜென்சன் என்னும் பொருளியலாளர் 2007-இல் வெளியிட்ட இந்த ஆய்வைக் கேட்டதும், மதுரை மல்லிக்கும் இதுவே வழி என்று பலர் எழுதிவிடுகிறார்கள். மல்லியும் மத்தியைப் போலவே அன்றைக்கே விற்றாக வேண்டிய சரக்கல்லவா?

அவசரம் வேண்டாம். மகாராஷ்டிரத்தில் 100 கிராமங்களில் உழவர்களுக்குக் கைப்பேசிக் குறுஞ்செய்தியாக விலை விவரம் அனுப்பிப் பார்த்தனர் ஃபாஷாம், மின்டன் என்ற இருவர். 2012-இல் வந்த முடிவு: உழவர் பெற்ற விலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஏன் இந்த வேறுபாடு? படகுக்கு எந்தக் கரையும் திறந்திருக்கும். சுக்கானைத் திருப்பினால் போதும். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடையில் முன்பணம் வாங்கிய விவசாயியை நினைத்துப் பாருங்கள். திண்டுக்கல்லில் இன்று கிலோவுக்கு என்ன விலை என்பது அவருக்கு விடியுமுன்பே தெரியும். தெரிந்து என்ன செய்ய? பூவை முன்பணம் தந்த கடைக்குத்தான் போடவேண்டும். செய்தி என்பது சுக்கானைத் திருப்ப முடிந்தவருக்கே ஆற்றல்.

பொருளாதாரம் என் துறையன்று. இதற்குமேல் சொல்லத் துணியேன்.

மீண்டும் அதே நடை

இந்தப் பழைய கதையை இன்று எடுத்ததற்குக் காரணம் உண்டு. 2001-இல் இணையத்தைப் பற்றி எழுதிய அதே வாக்கியங்கள் எழுவாயை மட்டும் மாற்றிக்கொண்டு மீண்டும் வருகின்றன. மதுரையே இதிலும் முன்னணியில் நிற்கிறது. 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு ஒரு நிரலுக்குப் பயிற்சி அளித்து, நீரிழிவால் விழித்திரைக்கு வரும் கேட்டை அது கண் மருத்துவர்களுக்கு நிகராகக் கண்டறிவதாக அறிவித்தனர். அப்படங்களில் ஒரு பகுதி அரவிந்த் உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளிலிருந்து சென்றவை. 2019-இல் அந்த நிரல் மதுரை அரவிந்திலேயே பயன்பாட்டுக்கு வந்தது. தேவை பெரிது என்பதில் ஐயமில்லை. 2023-இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மதிப்பீட்டின்படி நாட்டில் நீரிழிவு நோயாளிகள் 10.1 கோடிப் பேர். அத்தனை பேர் விழித்திரையையும் ஆண்டுக்கொருமுறை பார்க்க மருத்துவர்கள் போதமாட்டார்கள்.

ஆனால் இதே நிரலைத் தாய்லாந்தில் 11 மருத்துவ நிலையங்களுக்குக் கொண்டு சென்றபோது நடந்தது என்ன? கூகுளின் ஆய்வாளர்களே 2020-இல் எழுதியிருக்கிறார்கள். அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். முதல் ஆறு மாதங்களில் எடுத்த 1,838 படங்களில் 21 விழுக்காட்டை, தெளிவு போதாதென்று, நிரல் ஏற்க மறுத்தது. நிரல் கற்றது நல்ல படங்களில். செவிலியர் எடுத்ததோ முழு இருட்டாக்க முடியாத அறைகளில். இருள் போதாவிட்டால் கண்மணி விரியாது, விரியாத கண்மணி வழியே போதிய ஒளி உள்ளே செல்லாது, படம் மங்கும். இது மிகப் பழைய ஒளியியல். படம் மறுக்கப்பட்டவர் வேறொரு நாள், வேறொரு ஊரில், நிபுணரைப் பார்க்கவேண்டும். கண்ணில் குறையே இல்லாதவரும் அப்படி அலைய நேர்ந்தது. இணைப்பு மெதுவாக இருந்த நாட்களில் காத்திருந்தவர்களின் வரிசை நீண்டது.

ஆகவே, அடுத்த முறை ஒரு புதிய கருவி உங்கள் ஊருக்கு வருகிறது என்று படித்தால், அதன் வேகத்தையும் நுட்பத்தையும் பார்த்துவிட்டு இன்னும் சிலவற்றைக் கேட்டுப் பாருங்கள். மின்சாரம் ஏறி இறங்கி அது எரிந்தால் மறுநாள் வந்து பார்ப்பவர் யார், அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? நம் மொழியில் அது என்ன பேசும்? எந்தத் தெருவில் வைக்கப்போகிறார்கள்? அது 'இல்லை' என்று சொன்னால் நோயாளி அடுத்து எங்கே போவார், பேருந்துக்கு எவ்வளவு ஆகும்? கடன் யார் பெயரில் இருக்கிறது? மேலூரில் 2001-இலேயே இவற்றைக் கேட்டிருக்க முடியும். கேட்பதற்கு ஒரு பட்டமும் வேண்டியதில்லை. சிற்றூர்ப் பம்புசெட்டுக்கு மோட்டார் வாங்கப் போகும் எந்த விவசாயியும் கடைக்காரரிடம் இவற்றில் பாதியைக் கேட்காமல் பணத்தை எடுப்பதில்லை.